தொட்டியில் அழுகண்ணி: பெங்களூரின் அரிய ஒருபருவப் பூக்களை வீட்டில் வளர்க்கலாமா?

மழை தொடங்கியதும் பெங்களூர் நர்சரிகளில் 'சீசன் பூ' வந்துவிடும். கறுப்புக் கவர்களில் வரிசையாக நிற்கும் செண்டுமல்லியும் ஜினியாவும் காஸ்மாஸும் மெக்சிகோ பக்கத்துச் செடிகள். பெட்டூனியா தென்னமெரிக்காவைச் சேர்ந்தது, சிவப்பு சால்வியா பிரேசிலைச் சேர்ந்தது. லால்பாக்கில் குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் நடக்கும் மலர்க்காட்சியிலும் பெரும்பாலும் இவைதான் மேடையேறும். இதே மண்ணில் முதல் மழையோடு முளைத்து, புரட்டாசி ஐப்பசியில் பூத்து, தை பிறப்பதற்குள் விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகும் உள்ளூர்ப் பூக்களைக் கேட்டுப் பாருங்கள். காசித்தும்பை போல ஒன்றிரண்டைத் தவிர எதுவும் கிடைக்காது. கடைக்காரருக்கு அவை களை.

உள்ளூர்ச் செடி வளர்க்க வேண்டும் என்ற ஆசை இப்போது மாடித்தோட்டக்காரர்களிடம் பரவலாக எழுந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் பேச்சு பெரும்பாலும் மரத்திலும் புதரிலும் நின்றுவிடுகிறது. ஒருபருவச் செடி என்று வரும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. அரிய காட்டுப்பூ ஒன்றை வீட்டில் வளர்க்க முடியுமா? முடியும் என்றால் வளர்க்கலாமா? வளர்த்தால் அந்த இனத்துக்கு உண்மையிலேயே நன்மை உண்டா? இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் விதை கேட்டு அலைவதில் பயனில்லை.

முதலில் அந்தப் பூக்களின் சொந்த ஊர். பெங்களூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, பழம்பாறையின் மீது உட்கார்ந்திருக்கும் நகரம். லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைக்குச் சுமார் 300 கோடி வயது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. இப்படிப்பட்ட பாறைகள் ஊரைச் சுற்றி எத்தனையோ உண்டு: ராமநகரம், சாவன்துர்கா, தேவராயனதுர்கா. தெற்கே வந்தால் ஓசூர், தேன்கனிக்கோட்டை வரை அதே மேட்டுநிலம் தொடர்கிறது. பாறையின் குழிகளில் விரல் கனத்துக்கு மண் படிந்திருக்கும். மழைக்காலம் முழுக்க மேலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். மார்கழிக்குப் பிறகு அந்த மண் சருகாய்க் காய்ந்துவிடும். ஆண்டில் பாதி சேறு, பாதி பாலை. இத்தகைய இடத்தில் மரம் வேர்பிடிக்க முடியாது. பல புற்கள்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. சில மாதங்களில் பிறந்து பூத்து முடித்துக்கொள்ளும் செடிகளுக்குத்தான் அது வாய்ப்பான இடம்.

ஊரின் வடமேற்கே ஹெசரகட்டாவில் இன்னொரு வகை நிலம் இருக்கிறது. 1894ல் பெங்களூருக்குக் குடிநீர் தர அமைத்த ஏரியை ஒட்டி, சுமார் 5,000 ஏக்கர் திறந்த புல்வெளி. அரசுப் பதிவேடு இத்தகைய நிலங்களைத் தரிசு என்றோ கோமாளம் என்றோ எழுதிவைக்கும். கோமாளம் என்றால் நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு. தரிசு என்று எழுதப்பட்ட இடத்தில் மரம் நடலாம், கட்டடம் எழுப்பலாம், எது செய்தாலும் அது முன்னேற்றக் கணக்கில் சேரும். தைலமரமும் அக்கேசியாவும் நட்டே பல புல்வெளிகளை இழந்தோம். 2017ல்தான் கர்நாடக அரசு தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது. ஹெசரகட்டாவைப் பாதுகாப்புக் காப்பகமாக்கும் யோசனையை 2021ல் மாநில வனவிலங்கு வாரியம் தள்ளிவிட்டது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்து, சில ஆண்டுகள் கழித்தே அந்த முடிவு மாறியது.

பெங்களூர் மாவட்டத் தாவரங்களைப் பற்றி ராமசுவாமியும் ராசியும் எழுதிய நூல் 1973ல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு எடுத்த கணக்கெடுப்பில் இந்த நகரத்தின் மக்கள்தொகை 16 லட்சத்துக்குச் சற்று மேல். 2011ல் அது 84 லட்சம். இந்த இரண்டு எண்களுக்கு இடையில் எத்தனை ஏரிக்கரைகள், எத்தனை கசிவுப்பாறைகள் லேஅவுட் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இங்கே 'அரிய' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று விளங்கும். உலகக் கணக்கில் ஒரு செடிக்கு ஆபத்தே இல்லாமல் இருக்கலாம். இந்த ஊர்க் கணக்கில் அது இரண்டு பாறைகளில் மட்டும் மிஞ்சியிருக்கலாம்.

காலியான மனைகளில் அந்தப் பூக்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் ஓர் ஒருபருவச் செடிதான். பெங்களூர்க்காரர்கள் காங்கிரஸ் செடி என்று சொல்லும் பார்த்தீனியம். அதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984ல் இந்த ஊரில்தான் விட்டார்கள். ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் செய்த வேலை அது. வண்டு பரவியது. காங்கிரஸ் செடியும் ஒழிந்துவிடவில்லை.

இனி, முடியுமா என்ற கேள்வி. எல்லா ஒருபருவப் பூக்களும் ஒரே சாதி இல்லை. தும்பை, நல்வேளை, பண்ணைக்கீரை, கிலுகிலுப்பை போன்றவை முரட்டுச் செடிகள். விதை விழுந்தால் போதும், தொட்டியோ தரையோ பார்க்காமல் வந்துவிடும். இவை அரியவை இல்லை, ஆனால் நகரத்துக்குள் வேகமாகக் காணாமல் போகின்றவை. கற்றுக்கொள்ள விரும்புகிறவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. தும்பையை மூன்று பருவம் விதையெடுத்து விதைத்துக் காப்பாற்றத் தெரியாதவர் கையில் அரிய செடியின் விதை போய்ச் சேரக்கூடாது.

அடுத்த வகை, தனியாக வாழத் தெரியாதவை. சோளக்கொல்லையில் உழவர்கள் சபிக்கும் சுடுமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதை, புல்லினத்தின் வேர் கசியவிடும் ஒரு ரசாயனத்தை உணர்ந்தால்தான் முளைக்கும். முளைத்ததும் அந்த வேரையே பற்றி உறிஞ்சும். தக்காணப் புல்வெளிகளில் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் பூக்கும் அழகான செடிகள் சில இந்த அரை ஒட்டுண்ணிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைத் தொட்டியில் வைப்பதானால் கூடவே அந்தப் புல்லையும் வளர்க்க வேண்டும். வீட்டில் கைகூடுவது கடினம். விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாவது வகைக்குப் பூச்சி வேண்டும். கேரளத்தில் கண்ணாந்தளி என்று அழைக்கும் பூ, செங்கல்பாறை வெளிகளில் ஓணம் சமயத்தில் பூப்பது. அதன் மகரந்தப்பையின் நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். தச்சன் வண்டோ நீலப்பட்டைத் தேனீயோ வந்து பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்கரித்து அதிரவைத்தால் மகரந்தம் துளை வழியே கொட்டும். நாம் அறிந்த தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை வராது. கண்ணாந்தளியின் உறவினங்கள் மேட்டுநிலத்திலும் உண்டு. நான்காவது மாடி பால்கனியில் ஒன்றைப் பூக்கவைத்துவிடலாம். வண்டு வராவிட்டால் அது அழகாகப் பூத்து விதையில்லாமல் முடிந்துபோகும். பல்லாண்டுச் செடி என்றால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். ஒருபருவச் செடிக்கு அடுத்த ஆண்டு என்பதே அந்த விதைதான்.

இந்த வரிசையில் பெங்களூர் வீட்டுக்குப் பொருந்துவது எது என்று கேட்டால், அழுகண்ணி என்பேன். சித்த மருத்துவ வழக்கில் பழகிய பெயர் அது. இந்தப் பக்கத்துக் கசிவுப்பாறைகளில் இரண்டு இனங்கள் உண்டு. டிரோசெரா பர்மானி தரையோடு ஒட்டி, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டமாக விரியும். டிரோசெரா இண்டிகா மெல்லிய நூலிலைகளோடு நிமிர்ந்து நிற்கும். முன்னது வெள்ளையாகவும் பின்னது இளஞ்சிவப்பாகவும் பூக்கும். இலங்கையின் ஈரமணல் நிலங்களிலும் இரண்டும் இருக்கின்றன.

பர்மானியைக் குனிந்து பார்க்க வேண்டும், நின்றபடி பார்த்தால் சிவந்த புள்ளி மட்டுமே தெரியும். இலையின் விளிம்பெல்லாம் செந்நிற ரோமங்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பசைத்துளி. வெயில் ஏறினாலும் அந்தத் துளி உலராது. கொசுவைவிடச் சிறிய ஈ ஒன்று இறங்கி ஒரு கால் ஒட்டிக்கொண்டதும் உதற ஆரம்பிக்கும். உதற உதற, ஓரத்திலிருக்கும் நீண்ட ரோமங்கள் சில நொடிகளுக்குள் உள்நோக்கி மடிந்து அதை இலையின் நடுவே தள்ளிவிடும். டார்வின் 1875ல் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார், அதில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்துக்குத்தான். பாறைமண்ணில் தழைச்சத்து கிடையாது. அதைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

வளர்ப்பு முறை முழுவதும் இந்த ஒரு உண்மையிலிருந்து பிறக்கிறது. மாடித்தோட்டக்காரர் கற்ற பாடமெல்லாம் இங்கே தலைகீழ். செம்மண், மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு என்று நாம் அன்போடு போடும் கலவை அழுகண்ணிக்கு நஞ்சு. உப்பில்லாத, சத்தில்லாத மண் வேண்டும். வெளிநாட்டில் இதற்கு பீட் பயன்படுத்துகிறார்கள். அது வேறொரு ஈரநிலத்தை வெட்டியெடுத்து வருவது. அதற்குப் பதில், தென்னைநார்க் கழிவைப் பல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்கிவிட்டு, நீர் வடிகட்டித் தொட்டிகளுக்கு விற்கும் சிலிக்கா மணலைச் சரிபாதி கலந்துகொள்ளலாம். சிமெண்ட் தூசி படிந்த மணல் ஆகாது.

தண்ணீர் அதைவிட முக்கியம். பெங்களூரின் போர்வெல் தண்ணீரில் கரைந்துள்ள உப்பு சில வாரங்களில் செடியைக் கருக்கிவிடும். மழைநீர்தான் மருந்து. 2009ல் திருத்திய குடிநீர் வாரியச் சட்டத்தின்படி 2,400 சதுர அடிக்கு மேற்பட்ட மனைகளிலும், 1,200 சதுர அடிக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சட்டத்துக்காக வைத்த அந்தத் தொட்டியிலிருந்து இரண்டு குடம் எடுத்துவைத்தால் ஒரு பருவத்துக்குக் கிட்டத்தட்டப் போதும். தட்டில் ஒரு விரல் உயரத்துக்கு மழைநீர் ஊற்றி அதில் தொட்டியை வைத்துவிட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போகும்.

விதை கறுப்புத் தூசி. தாளில் கொட்டி, தாளைத் தட்டி, மண்ணின் மேல் தூவ வேண்டும். மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். ஜூனில் விதைத்தால் சில வாரங்களில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரியும். பர்மானி மனிதரோடு ஒத்துப்போகும் செடி. தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்டு, யார் தயவும் இல்லாமல் விதை கட்டிவிடும். இண்டிகா அப்படியில்லை, அதன் விதை சில ஆண்டு அடம்பிடிக்கும். முதலில் பர்மானி, பழகியபின் இண்டிகா. காலையில் நான்கைந்து மணிநேர வெயில் வேண்டும். வெயில் இல்லாத பால்கனியில் பச்சையாக நீண்டு, பசையற்று, சோர்ந்துவிடும். இறைச்சித்துண்டு கொடுத்து வேடிக்கை பார்ப்பவர்கள் உண்டு. இலை அழுகும். திறந்த இடத்தில் வைத்தால் தனக்கு வேண்டியதைத் தானே பிடித்துக்கொள்ளும்.

முடியும் என்பது இவ்வளவு. வளர்க்கலாமா என்பதற்கான பதில் விதை எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. காப்புக்காட்டிலிருந்து செடியையோ விதையையோ எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் எட்டாத பாறையிலும் எடுக்கக்கூடாது என்றுதான் சொல்வேன். ஒரு பாறைக்குழியில் முப்பது செடி இருக்கிறது என்றால் அடுத்த ஆண்டுக்கான மொத்த முதலும் அந்த முப்பதின் விதைதான். மருந்துக்காக வேரோடு பறிப்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தோட்டக்காரர்களும் சேர்ந்தால் தாங்காது. திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் கண்வலிக்கிழங்கு சாகுபடி பெருகியபோது என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். விதைக்காக வயலில் வளர்த்த செடிக்கு நடவுக் கிழங்கு காட்டிலிருந்து தோண்டிவரப்பட்டது. தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தள்தான் அது. வளர்ப்பதாலேயே காட்டுச்செடி காப்பாற்றப்படும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நியாயமான வழி, ஏற்கெனவே வளர்ப்பில் இருக்கும் செடியின் விதையை, அது முதலில் எந்த இடத்துச் செடி என்ற குறிப்போடு வாங்குவது. இணையத்தில் விற்கப்படும் விதைகளில் அந்தக் குறிப்பு அரிது. அழுகண்ணி என்று தேடுகிறவர் கையில் பெரும்பாலும் தென்னாப்பிரிக்க இனமான டிரோசெரா கேபென்சிஸ் வந்து சேர்கிறது. அது நியூசிலாந்தில் தோட்டத்திலிருந்து தப்பிப் பரவியிருக்கிறது. நம் பாறைக்கசிவுகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிடக்கூடாது. உண்ணிச்செடியும் அழகுக்காகக் கொண்டுவந்த தோட்டச்செடிதான். இன்று பந்திப்பூரிலும் முதுமலையிலும் அது எவ்வளவு காட்டை விழுங்கியிருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. வீட்டில் வளர்ப்பதால் இனம் பிழைக்குமா?

பிழைத்ததற்கு உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் மட்டுமே வளர்ந்த புரோமஸ் இண்டரப்டஸ் என்ற ஒருபருவப் புல் 1972க்குப் பிறகு வயல்களில் காணப்படவில்லை. அழிந்தது என்றே எழுதிவிட்டார்கள். பிலிப் ஸ்மித் என்ற தாவரவியலாளர் கேம்பிரிட்ஜ்ஷயரில் கடைசியாக மிஞ்சியிருந்த செடிகளிலிருந்து விதையெடுத்துப் பல ஆண்டுகள் வளர்த்து வந்திருந்தார். அந்த வழிவிதை பின்னர் தாவரவியல் பூங்காக்களுக்குப் பரவி, 2004ல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் ஆஸ்டன் ரோவண்ட் காப்பகத்தில் மீண்டும் நிலத்தில் விதைக்கப்பட்டது. ஒரு தனிமனிதரின் விடாப்பிடியால் ஓர் இனமே மீண்டது. நம் பக்கத்தில் வயநாட்டின் குருகுல தாவரக் காப்பகத்தைச் சொல்லலாம். வொல்ஃப்காங் தொயர்காஃப் 1981ல் தொடங்கியது. மேற்குத்தொடர்ச்சி மலையின் காசித்தும்பைக் குடும்பத்துச் செடிகள் உட்பட ஏராளமான இனங்களை அங்கே மழைக்காட்டின் மடியிலேயே பேணுகிறார்கள்.

இரண்டு உதாரணத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செய்தவர்கள் செடிகளையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர்கள். எங்கிருந்து வந்தது என்ற பதிவு அவர்களிடம் இருந்தது. பத்துத் தொட்டி வைத்திருக்கும் வீட்டில் நடப்பது வேறு. ஒருபருவச் செடிக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை. ஒவ்வொரு ஜூனிலும் நாம் விதைத்ததில் சட்டென்று முளைத்தவை மட்டும் வளர்ந்து விதை தருகின்றன. மழை பொய்த்தால் தப்பிக்க அடுத்த ஆண்டுக்கென்று உறங்கும் விதைகளை நாம் செத்த விதை என்று கொட்டிவிடுகிறோம். பத்து ஆண்டில் கையில் மிஞ்சுவது எல்லாம் உடனே முளைக்கும் விதை. தொட்டிக்கு அது சௌகரியம். பாறைக்குத் திரும்பினால், கோடைமழை ஒன்று ஏமாற்றிப் பெய்த ஆண்டில் மொத்தமும் முளைத்து மொத்தமும் கருகும். நம் முன்னோர் காட்டுப்புல்லை வரகாகவும் சாமையாகவும் மாற்றியது இந்த வழியில்தான். தானியத்துக்கு அது வரம். காட்டுப்பூவுக்கு அது இழப்பு.

இதைத் தள்ளிப்போடலாம். எல்லாச் செடியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக விதை எடுக்க வேண்டும், கொழுத்த செடியிலிருந்து மட்டும் எடுக்கக்கூடாது. முளைக்காத மண்ணைக் கொட்டாமல் அடுத்த பருவத்துக்கும் வைத்திருக்க வேண்டும். நன்றாக உலர்ந்த விதையைத் தாளில் மடித்து, சிலிக்கா ஜெல் பையோடு புட்டியில் அடைத்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் பழைய ஆண்டுகளின் விதையைப் புதியதோடு கலந்து விதைக்கலாம். இடம், ஆண்டு எழுதாத விதைப்பொட்டலம் ஆய்வுக்குப் பயன்படாது. இன்னொன்று, இது வாடகை வீட்டுக்காரர்களின் ஊர். வீடு மாறும் ஆண்டில் ஜூன் தவறினால் வழியே அறுந்துவிடும். ஆகவே ஒரு விதைவழியை மூன்று நான்கு வீடுகளாவது பகிர்ந்து வைத்திருக்க வேண்டும். வளர்த்ததைக் கொண்டுபோய் நாமாகவே சாவன்துர்காவில் தூவிவிட்டு வருவது சேவை ஆகாது. எந்த நோயும் எந்தக் கலப்பும் கூடப் போகிறது என்று நமக்குத் தெரியாது. அந்த வேலை தாவரவியலாளரும் வனத்துறையும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

என் தீர்ப்பு இது. வீட்டுத்தொட்டி அழுகண்ணியைக் காப்பாற்றாது, கசிவுப்பாறைதான் காப்பாற்றும். ஆனால் அந்தப் பாறையைத் தரிசு என்று எழுதும்போது எதிர்த்துப் பேச ஆள் வேண்டும். அழுகண்ணியை ஒரு பருவம் முளையிலிருந்து விதைவரை பார்த்த பிள்ளைக்கு அது வெறும் பாறை என்று யாரும் சொல்லி நம்பவைக்க முடியாது. வீட்டில் வளர்ப்பதற்கு நான் காணும் நியாயம் இதுவே, அது போதுமான நியாயம்.

தொட்டியில்லாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் லேஅவுட் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் நலச்சங்கம் ஆள்வைத்துப் புல் வெட்டும் மாதம் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர். தும்பையும் நல்வேளையும் பூத்து விதை கட்டாமல் நிற்கும் நேரம் அது. ஒரு மூலையை மட்டும் டிசம்பர் கடைசிவரை வெட்டாமல் விடச் சொல்லிக் கேளுங்கள். காங்கிரஸ் செடியை மட்டும், பூக்கும் முன்பே, கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள். மற்றதை விட்டுவையுங்கள்.